பூட்டுக்கு வீடு! மனிதனுக்குத் தெரு!

ஒரகடத்தில் இரண்டாம் ஷிப்ட் முடிந்ததும் கம்பெனிப் பேருந்துகள் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் வரிசையாக வருகின்றன. நள்ளிரவு தாண்டிப் படப்பையில் நிற்கின்றன. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாக இளைஞர்கள் இறங்குகிறார்கள். இறங்கியவர்கள் எங்கே போகிறார்கள் என்று நம் கடைத்தெருவில் யாராவது ஒருநாள் பின்னால் நடந்து போய்ப் பார்த்ததுண்டா?

நான் போனேன். தகரக் கூரை போட்ட வரிசை அறைகள். ஒரு அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் எட்டுப் பேர். பகல் ஷிப்டுக்குப் போனவனின் பாயில் இரவு ஷிப்ட் முடித்தவன் படுக்கிறான். பாய்க்கு ஓய்வே இல்லை! பன்னிரண்டு அறைக்கு இரண்டு கழிப்பறை. ஜன்னல் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் பக்கத்து அறையின் சுவர். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் கிடையாது, யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வைத்ததுதான் கட்டணம்.

அங்கிருந்து திரும்பி வரும் வழியில் கடைத்தெருவைப் பார்த்தேன். கீழே கடை, மேலே பூட்டிய ஷட்டர். அதற்கும் மேலே பூட்டிய கதவு. "வாடகைக்கு விடப்படும்" என்று எழுதிய பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியவில்லை. சில பலகைகளில் மட்டும் ஒரு வரி இன்னும் தெளிவாகத் தெரிகிறது: "குடும்பத்தினருக்கு மட்டும்."

சகோதரர்களே! இதில் எத்தனை மாடிகள் நம்முடையவை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அரசைத் திட்டுவதற்கு முன்னால் அதைப் பேசிவிடுவோம்.

நம்மை விரட்டியதும் நாம் விரட்டுவதும்

"பேரைக் கேட்டாங்க. சொன்னேன். வீடு வேற ஆளுக்குப் பேசியாச்சுன்னுட்டாங்க." இந்த வாக்கியத்தைச் சொல்லாத முஸ்லிம் இளைஞன் சென்னையில் உண்டா? 2006-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கையே, முஸ்லிம்களுக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பதும் விலைக்குக் கிடைப்பதும் சிரமமாக இருப்பதைப் பதிவு செய்திருக்கிறது. மேடை தவறாமல் இதைப் பேசுகிறோம். பேச வேண்டும். அது உண்மை.

ஆனால் ஆம்பூரிலிருந்தும் மேல்விஷாரத்திலிருந்தும் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்துக்கு வேலைக்கு வருகிற நம் பிள்ளை, படப்பையில் நம் கடையில் வந்து நின்று "பாய், மேலே ரூம் இருக்கா?" என்று கேட்டால் நாம் சொல்லும் பதில் என்ன? "பேச்சுலருக்கு விடுறதில்ல தம்பி." முர்ஷிதாபாத்திலிருந்து வந்தவன் ஜும்ஆவில் நம்மோடு தோளோடு தோள் ஒட்டி நின்று தொழுகிறான். ஸலாம் கொடுத்துக் கைகுலுக்கி வெளியே வந்த பிறகு வீடு கேட்டால் அவன் "வடக்கன்" ஆகிவிடுகிறான்! ஒடிசாவிலிருந்து வந்த இந்து இளைஞனும் ஜார்க்கண்டிலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண்ணும் கேட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெயரைக் கேட்டு நமக்குக் கதவைச் சாத்தியவனுக்கும், ஊரைக் கேட்டு இவர்களுக்குக் கதவைச் சாத்துகிற நமக்கும் என்ன வித்தியாசம்? அவன் கதவில் இருந்த தாழ்ப்பாளை வாங்கி வந்து நம் கதவில் மாட்டிக்கொண்டோம், அவ்வளவுதான்.

நம் தகப்பன்மார்கள் எப்படிக் காலூன்றினார்கள்? தென் மாவட்டங்களிலிருந்து ரயிலேறி வந்து மண்ணடியிலும் பாரிமுனையிலும் கடை மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரு கட்டிலுக்கு வாடகை கொடுத்துத் தங்கினார்கள். அன்றைக்கு அந்த மாடியை யாரோ ஒருவர் திறந்துவிட்டார். அவரும் "குடும்பத்தினருக்கு மட்டும்" என்று பலகை மாட்டியிருந்தால் இன்றைக்கு நமக்கு ஏது கடை? ஏது மாடி?

இதை எழுதுகிறவன் உத்தமன் அல்ல. எனக்கும் கடைக்கு மேலே ஒரு மாடி உண்டு. அறுநூறு சதுர அடி. ஒரு நிதி நிறுவனம் அலுவலகத்துக்குக் கேட்கும், மாதம் 15 ஆயிரம் வரும் என்று புரோக்கர் சொன்னார். அதை நம்பி 14 மாதம் பூட்டி வைத்திருந்தேன். 2 லட்சத்து 10 ஆயிரம் போயிற்று. நிறுவனமும் வரவில்லை, புரோக்கரும் வரவில்லை. அந்தப் 14 மாதத்தில் அறை கேட்டு வந்த பையன்களை எத்தனை தடவை திருப்பி அனுப்பினேன் என்று எண்ணிப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

பதுக்கல் என்றால் என்ன?

அரிசியைப் பதுக்கி விலை ஏறட்டும் என்று காத்திருப்பது பாவம் என்று நம் வியாபாரிகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சிறு வயதிலேயே மக்தபில் கேட்டது. ஊரே இருக்க இடமின்றித் தவிக்கும்போது இருப்பிடத்தைப் பூட்டி வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருப்பதற்கு என்ன பெயர்? நான் ஃபத்வா கொடுக்கவில்லை; அது உலமாக்களின் வேலை. கேள்வியைத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. விற்று லாபம் பார்ப்பதற்கென்றே வாங்கிப் போட்ட பிளாட், வியாபாரப் பொருள். ஆண்டுதோறும் அன்றைய சந்தை மதிப்பில் அதற்கு ஜகாத் உண்டு என்பதுதான் பெரும்பாலான உலமாக்களின் கருத்து. வாடகைக்கு விட்ட வீடு என்றால் கணக்கு வேறு. கட்டிடத்தின் மதிப்புக்கு ஜகாத் இல்லை, சேர்ந்து நிற்கும் வருமானத்துக்குத்தான் என்பார்கள். ஆக, பூட்டி வைத்திருப்பவனுக்கே பாரம் அதிகம்! ரமலானில் கடைச் சரக்கையெல்லாம் எடை போட்டுக் கணக்குப் பார்க்கிற நம் முதலாளிகளில் எத்தனை பேர் பூட்டிக் கிடக்கும் பிளாட்டை அந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

கட்டிலுக்கு 3 லட்சத்து 77 ஆயிரம்!

இனி ஆட்சியாளர்களிடம் வருவோம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் வந்தது. ஒரகடத்தில் ரெனோ - நிசான் 2010-ல், டெய்ம்லர் 2012-ல், ராயல் என்ஃபீல்டு 2013-ல். நிலம் கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், மின்சாரம் கொடுத்தார்கள், ஆறு வழிச்சாலை போட்டார்கள். அந்தத் தொழிற்சாலைகளுக்குள் போய் வேலை செய்கிற மனிதன் ராத்திரி எங்கே படுப்பான் என்ற கேள்வி மட்டும் எந்த ஒப்பந்தத்திலும் முன்னால் வரவில்லை.

அந்தக் கேள்வி 2021 டிசம்பரில் தானாகவே நெடுஞ்சாலைக்கு வந்தது. ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் உணவு விஷமாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மற்ற பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஒரே அறையில் பலர் நெருக்கியடித்துத் தரையில் படுத்ததும், சில விடுதிகளின் கழிப்பறையில் தண்ணீர் வராததும் அதற்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆப்பிள் கம்பெனி வரை போயிற்று. தொழிற்சாலை அடுத்த மாதம் 12-ந் தேதி வரை மூடிக் கிடந்தது.

அதன் பலன் என்ன? 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய மாபெரும் குடியிருப்பு திறக்கப்பட்டது. 20 ஏக்கர், 13 கட்டிடங்கள், ஒவ்வொன்றும் பத்து மாடி, 18,720 பெண்களுக்கு இடம், செலவு 706 கோடியே 50 லட்சம் ரூபாய். நல்ல காரியம். குறை சொல்ல மாட்டேன். சாலையில் உட்கார்ந்த அந்தப் பெண்கள் வாங்கிக் கொடுத்த கட்டிடம் அது.

ஆனால் வியாபாரியின் புத்தி கணக்குப் போடாமல் விடாது. 706 கோடியே 50 லட்சத்தை 18,720-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு 3 லட்சத்து 77 ஆயிரம்! இதுவும் ஒரே நிறுவனத்தின் பெண் தொழிலாளர்களுக்காக. உதிரிபாகக் கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன், கிடங்கில் மூட்டை தூக்குகிறவன், கட்டிட வேலைக்கு மேஸ்திரியோடு வந்தவன், நம் ஹோட்டலில் பரோட்டா போடுகிறவன், இவர்களுக்கு எப்போது 706 கோடி வரும்? இன்னொரு நெடுஞ்சாலை மறியலுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

கட்டி முடித்த கட்டிடங்கள் கண்ணெதிரே காலியாகக் கிடக்கின்றன. அதில் ஒரு பங்கு செலவு செய்தாலும் இவ்வளவு பேருக்கு இடம் கிடைக்குமே என்று கோட்டையில் யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. டில்லியில் தோன்றியது. கதையைக் கேளுங்கள்.

2020 ஊரடங்கில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நடந்தே ஊருக்குப் போன காட்சியைப் பார்த்து, அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பெயர்: குறைந்த வாடகைக் குடியிருப்புத் திட்டம். அதில் இரண்டு வழிகள். ஒன்று, அரசுப் பணத்தில் கட்டி ஆளில்லாமல் கிடக்கும் வீடுகளைச் செப்பனிட்டு வாடகைக்கு விடுவது. இன்னொன்று, தனியாரும் அரசு நிறுவனங்களும் தங்கள் நிலத்தில் புதிதாகக் கட்டுவது. முதல் வழிக்கு நாடு முழுவதும் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் தயாராக இருந்தன. பெயிண்ட் அடித்துத் தண்ணீர்க் குழாய் போட்டுத் திறந்துவிட வேண்டியதுதான். எத்தனை திறந்தார்கள் தெரியுமா? நாடாளுமன்றத்தில் அரசே தந்த பதில்படி 5,648! பதினான்கு வீட்டுக்கு ஒரு வீடு கூடத் தேறவில்லை. இரண்டாவது வழியில், புதிதாகக் கட்டுவதற்கு மட்டும் 80 ஆயிரத்துக்கும் மேல் ஒப்புதல்கள் ஓடின. புதுக் கட்டிடம் என்றால் டெண்டர் உண்டு, அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு. பழைய பூட்டைத் திறப்பதில் யாருக்கு என்ன லாபம்?

இது இன்று நேற்றுக் கதையல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் மட்டும் 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. அடுத்த ஆண்டே மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு, நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றது. பற்றாக்குறையில் 96 சதவீதம் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும். பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். செங்கல் இருக்கிறது, சிமெண்ட் இருக்கிறது, சுவர் இருக்கிறது, கூரையும் இருக்கிறது. உள்ளே மனிதன் மட்டும் இல்லை.

விடுதியோடு மூடிய கல்லூரிகள்

இந்த வட்டாரத்தில் காலிக் கட்டிடம் என்றால் கடை மாடி மட்டுமல்ல. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் 550-ஐ எட்டின. இன்று 450-க்கும் கீழே. நூற்றுக்கும் மேற்பட்டவை மூடப்பட்டன. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் சாலையில் போனால் துருப்பிடித்த கேட்டும் முள் முளைத்த மைதானமுமாக அவற்றைப் பார்க்கலாம். ஒவ்வொரு கல்லூரிக்குள்ளும் விடுதிக் கட்டிடம் இருந்தது. விடுதியில் அறை இருக்கிறது, வரிசையாகக் கழிப்பறை இருக்கிறது, சமையல்கூடம் இருக்கிறது, போர்வெல் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, பேருந்து நிறுத்த இடம்கூட இருக்கிறது. தொழிலாளர் விடுதிக்கு இதைவிட என்ன வேண்டும்? உரிமையாளர்கள் கூடவா வேண்டாம் என்பார்கள்? கடன் கொடுத்த வங்கி ஒரு பக்கம், அறக்கட்டளைத் தகராறு ஒரு பக்கம், நிலப் பயன்பாட்டை மாற்ற மனு போட்டு அலைவது ஒரு பக்கம். "கல்விப் பயன்பாடு" என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அங்கே பாம்பு குடியிருக்கலாம், தொழிலாளி குடியிருக்கக் கூடாது!

நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். 2014 நவம்பர் முதல் தேதி ஆலை மூடியது. அடுத்த சில மாதங்களில் பக்கத்து ஃபாக்ஸ்கானும் மூடியது. ஆலையை நம்பிக் கட்டிய அறைகளும் விடுதிகளும் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிக் காலியாயின. கடன் வாங்கிக் கட்டியவர்கள் வட்டி கட்ட முடியாமல் விழித்தார்கள். பிறகு வேறு கம்பெனிகள் வந்தன, மறுபடியும் நெருக்கடி. கம்பெனி வந்தால் மூச்சுத் திணறும் கூட்டம், போனால் வெறிச்சோடிய சுவர். எந்த ஊரில் எத்தனை அறை காலி, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற ஒரு பதிவேடாவது ஊராட்சியில் உண்டா?

முன்பு அப்படி ஒன்று சட்டத்திலேயே இருந்தது என்றால் இளைஞர்கள் நம்ப மாட்டீர்கள். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் மூன்றாவது பிரிவைப் பாருங்கள். அந்தச் சட்டம் செல்லுபடியான சென்னையிலும் நகராட்சிகளிலும் ஒரு கட்டிடம் காலியானால் ஏழு நாளைக்குள் உரிமையாளர் அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அரசு ஊழியருக்கோ அரசு வேலைக்கோ தேவையென்றால் அரசு எடுத்துக்கொள்ளும். அதிலும் சர்க்கார் ஊழியனுக்குத்தான் வீடு, கூலிக்காரனுக்கு இல்லை என்பது வேறு விஷயம். 2017-ல் புதுச் சட்டம் வந்து பழையதைத் தூக்கிப் போட்டபோது இந்தப் பிரிவும் சேர்ந்து போய்விட்டது. அழுவதற்குக்கூட ஆளில்லை.

கனடாவின் வான்கூவர் நகரில் 2017 முதல் காலி வீட்டுக்குத் தனி வரி. மதிப்பில் ஒரு சதவீதத்தில் தொடங்கி மூன்று சதவீதம் ஆக்கிவிட்டார்கள். இங்கிலாந்தில் நீண்ட காலம் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக்க அனுமதி உண்டு. நம் சென்னை மாநகராட்சியின் 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தில் என்ன இருந்தது தெரியுமா? கட்டிடம் காலியாகக் கிடந்தால் வரியில் சலுகை! அவர்கள் பூட்டுக்கு அபராதம் போட்டார்கள், நாம் பூட்டுக்குத் தள்ளுபடி கொடுத்தோம்.

குவைத்தை மறந்துவிட்டீர்களா?

"சரி, திறந்துவிடுகிறேன், எத்தனை பேர் வேண்டுமானாலும் வரட்டும்" என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலிக் கட்டிடத்தில் ஆளை அடைப்பது வேறு, வீடாக்குவது வேறு.

2024 ஜூன் 12, அதிகாலை. குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டிடத்தில் தீ. கீழ்த்தளத்தில் பிடித்த தீயின் புகை மாடிப்படி வழியாக மேலே ஏறியது. தூங்கிக் கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓட வழியில்லை. ஐம்பது பேர் அளவில் மாண்டார்கள். அவர்களில் இந்தியர்கள் மட்டும் 45 பேருக்கு மேல். தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் 7 பேர். அந்தப் பெட்டிகள் கொச்சி விமான நிலையத்தில் வரிசையாக இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்து நாம் அழுதோம். அரபு முதலாளியைச் சபித்தோம். ஒரு மாடிப்படி, இரும்பு கேட்டு, கீழே காஸ் சிலிண்டர், அறைக்கு எட்டுப் பேர். இந்தக் கணக்கு படப்பையிலும் அதேதானே?

நம் பிள்ளைகள் நிறையப் பேர் போய் வரும் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தொழிற்சாலைக் கட்டிடத்தின் ஒரு பகுதியையே தொழிலாளர் விடுதியாக மாற்றுவது பல காலமாக நடக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞர்களைக் கேட்டால் அந்த வாழ்க்கையைச் சொல்வார்கள். நெருக்கடியை அந்த அரசு கண்டுகொள்ளவில்லை. 2020-ல் கொரோனா வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதித் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்றிவிட்டது! அதன் பிறகுதான் புத்தி வந்தது. 2021-ல் புதிய விடுதிகளுக்கு விதி போட்டார்கள். ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர் இடைவெளி, ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை - குளியலறை. 2023 முதல் ஏழு படுக்கை இருந்தாலே உரிமம் வேண்டும்.

4.2 சதுர மீட்டர் என்பது 45 சதுர அடி. நான் பார்த்த பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி. சிங்கப்பூர் கணக்கில் அதில் மூன்று பேர்கூடப் படுக்க முடியாது. நாம் எட்டுப் பேரைப் படுக்க வைத்து எட்டுப் பேரிடமும் வாடகை வாங்குகிறோம்.

பணக்கார நாடும் இதில் சறுக்கியிருக்கிறது. இங்கிலாந்தில் 2013-ல் காலி அலுவலகங்களைத் திட்ட அனுமதி இல்லாமலேயே வீடாக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். ஹார்லோ என்ற ஊரில் டெர்மினஸ் ஹவுஸ் என்ற அலுவலகக் கட்டிடத்தில் குடும்பங்களை ஒற்றை அறையில் அடைத்து, ஊரே நாறிப்போயிற்று. வெளிச்சம் கட்டாயம், குறைந்தபட்ச அளவு கட்டாயம் என்று விதி போட ஏழெட்டு வருடம் ஆயிற்று.

உரிமையாளரின் பயம்

"உள்ளே வந்தவன் வெளியே போக மாட்டான்." மாடியைப் பூட்டி வைத்திருக்கும் நம் ஆட்களில் பத்தில் எட்டுப் பேர் சொல்லும் காரணம் இதுதான். அந்தக் காலத்தில் அது பொய்யில்லை. முப்பது வருடம் கோர்ட்டுக்கு அலைந்த குடும்பங்கள் உண்டு. ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதுச் சட்டத்தை யாராவது படித்தீர்களா? எழுத்து மூலம் ஒப்பந்தம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு, அதில் எத்தனை காலம் என்று கெடு. கெடு முடிந்தும் காலி செய்யாதவர் மேல் இரட்டிப்பு வாடகையில் தொடங்கி நடவடிக்கை. பயப்படுகிற உரிமையாளருக்குப் பாதுகாப்பே பதிவுதான். ஆனால் பதிவு செய்தால் வருமானம் கணக்கில் வந்துவிடுமே! அதனால் துண்டுச் சீட்டு, வாய்ப்பேச்சு, பிறகு "காலி செய்ய மாட்டேன் என்கிறான்" என்று புலம்பல்.

அதே சட்டம் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. உடனே, "ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தாலன்றி" என்று ஒரு வாலையும் வைத்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு நாம் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறோம். மாதம் 18 ஆயிரம் வாங்குகிற காண்ட்ராக்ட் தொழிலாளி 60 ஆயிரத்துக்கு எங்கே போவான்? வட்டிக்காரனிடம்தான். ஹராம் என்று நாம் தொடாத வட்டியை நம் மாடியில் குடிவருவதற்காக இன்னொருவன் கட்டுகிறான்.

"வரி வரும்" என்பார்கள் சிலர். 2024 ஜூனில் கூடிய 53-வது ஜி.எஸ்.டி. கவுன்சில், ஆளுக்கு மாதம் 20 ஆயிரம் ரூபாய்க்குள் வாடகை, தொடர்ந்து 90 நாளாவது தங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுதித் தங்கலுக்கு வரிவிலக்குத் தந்துவிட்டது. படப்பையில் யார் 20 ஆயிரம் கேட்கப் போகிறார்கள்? பெண்களைத் தங்க வைப்பதென்றால் 2014-ஆம் ஆண்டின் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். அதை வாங்காமல் பலகை மாட்டாதீர்கள். அந்தச் சட்டம் நம் வீட்டுப் பெண்களுக்கும்தான்.

என்ன செய்யச் சொல்கிறாய்?

அரசுக்குச் சொல்வது: சிப்காட் ஒவ்வொரு கம்பெனிக்கும் நிலம் ஒதுக்கும்போது எத்தனை தொழிலாளி, எங்கே தங்குவான் என்ற கணக்கைக் கேட்டு வாங்கட்டும். வேறு மாநிலத் தொழிலாளிக்கு இருப்பிடம் தர வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. சொன்னதோடு சரி, 2025 நவம்பரில் அந்தச் சட்டமே புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது. மூடிய கல்லூரி விடுதிகளைத் தொழிலாளர் தங்கலுக்கு மாற்ற ஒற்றை மனு, ஒற்றை அலுவலகம், 60 நாள் கெடு என்று ஓர் ஆணை போதும். 706 கோடி கேட்கவில்லை. ஒரு கையெழுத்துக் கேட்கிறோம்.

மில் தொழிலாளிக்கு மும்பையில் நடந்ததை இங்கே நடக்கவிடக் கூடாது. அங்கே 1991-ல் போட்ட விதி, மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு என்றது. 2001-ல் அந்த விதியில் ஒரு திருத்தம் செய்தார்கள். மில் கட்டிடம் நிற்கும் இடம் கணக்கில் வராது, காலி மைதானம் மட்டும்தான் என்று ஆக்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்றமும் 2006-ல் அதை ஏற்றுக்கொண்டது. மில் இருந்த இடத்தில் இன்று கண்ணாடி மாளிகைகள். சென்னையில் பின்னி மில் 1996-ல் மூடியது. பெரம்பூரில் அந்த நிலத்திலும் அடுக்குமாடிகள்தான் எழுந்தன.

நமக்குச் சொல்வது: ஜமாஅத்தும் வியாபாரிகள் சங்கமும் சேர்ந்து உட்காருங்கள். காலி மாடி வைத்திருப்பவரிடம் மூன்று வருடத்துக்குப் பதிவு ஒப்பந்தத்தில் சங்கமே மொத்தமாக வாடகைக்கு எடுக்கட்டும். உரிமையாளருக்கு மாதம் பிறந்தால் பணம், கெடு முடிந்தால் சாவி. அதற்குச் சங்கம் பொறுப்பு. உள்ளே தடுப்பு, கழிப்பறை, ஜன்னல் வேலையைச் சங்கம் செய்து தலைக்கு இவ்வளவு என்று வாங்கட்டும். இரண்டு மாத முன்பணத்துக்கு மேல் வேண்டாம். செப்டிக் டேங்க் இரண்டு பேருக்குக் கட்டியதில் இருபது பேரைச் சேர்த்தால் தெருவே மணக்கும், அதை முதலில் பாருங்கள். இரண்டாவது படிக்கட்டு இல்லாத மாடியை எடுக்காதீர்கள். வெளிப்பக்கம் இரும்புப் படி வைக்க முடியுமா என்று வெல்டரைக் கேளுங்கள். காஸ் சிலிண்டர் மாடிப்படிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். வக்ஃப் கட்டிடங்களின் மேல்தளம் எங்காவது காலியாக இருந்தால் முத்தவல்லிகள் அதைப் பட்டியலில் முதலில் எழுதட்டும். வருபவன் பெயரைக் கேளுங்கள், ஆதாரை வாங்கிப் பதிவு செய்யுங்கள், கம்பெனி அட்டையைப் பாருங்கள். பெயரை வைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள்.

தகராறு வரும், குடித்துவிட்டு வருவான், சத்தம் போடுவான் என்கிறார்கள். சில பேர் செய்வார்கள். கல்யாணமானவன் குடிப்பதில்லையா? ஒப்பந்தத்தில் எழுதுங்கள், மீறினால் வெளியே அனுப்புங்கள். எட்டுப் பேர் செய்யாத குற்றத்துக்கு எண்பது பேரைத் தகரக் கூரைக்குள் தள்ளாதீர்கள்.

என் மாடியைத் திறந்துவிட்டேன். சமையலிடம், நடைவழி, கழிப்பறை போகப் படுக்க நானூறு சதுர அடி தேறியது. 45 சதுர அடிக் கணக்கில் எட்டுப் பேர். ஆம்பூர்ப் பையன்கள் மூன்று பேர், ஒடிசாக்காரர்கள் ஐந்து பேர். தலைக்கு 2 ஆயிரம், மாதம் 16 ஆயிரம், நிதி நிறுவனம் தருவதாகப் புரோக்கர் சொன்னதைவிட ஆயிரம் அதிகம். பின்பக்கம் இரும்புப் படி வைத்தாயிற்று. இரண்டாவது கழிப்பறைக்குக் குழாய் வேலை இந்த வாரம் முடியும்.